காலுக்கு ஒரு கேமரா

ரோஸ்லினுக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல் சூடாகும், அப்புறம்தான் வாய் திறக்கும். திருபுவனை தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவளுடைய இரண்டு காதும் கொதித்துக்கொண்டிருந்தன. வாய் திறக்க அதிக நேரம் இல்லை.

"நல்லாத்தான் ஓட்டினீங்கக்கா. ஆனா அந்தக் கடைசி வளைவுல பயந்துபோயி பிரேக்க மிதிச்சிட்டீங்க பாருங்க, அங்கதான் போச்சு," என்றான் தமிழ்க்குமரன். கரியமாணிக்கத்தில் கரும்பு போடுகிறவன். வாரம் முழுக்க டிராக்டர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார். அந்தக் கூட்டத்திலேயே வேகமானவன் அவன்தான். அதனால் யாருக்கு வேண்டுமானாலும் புத்தி சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"நான் எங்கடா பிரேக் போட்டேன்?"

"பின்னாடி லைட்டு எரிஞ்சுதேக்கா. செவப்பா. எல்லாருந்தான் பாத்தோம்."

"என் காலு ஆக்சிலேட்டர்லதான் இருந்துச்சு."

"சரிக்கா," என்றான் தமிழ்க்குமரன். அந்த "சரிக்கா"வில் இருந்த இரக்கத்தை ரோஸ்லினால் பொறுக்க முடியவில்லை. அவனை இரண்டு அறை அறைந்திருந்தால்கூட அவ்வளவு கோபம் தீர்ந்திருக்காது.

வெறும் மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து, அதற்குள் வளைந்து நெளிந்து ஒவ்வொரு காராக ஓடவிட்டு, யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் ஆட்டோகிராஸ். முந்துவதற்குப் பக்கத்தில் வேறு கார் கிடையாது. கடிகாரம் ஒன்றுதான் எதிராளி. கூம்பைத் தட்டிவிட்டால் தண்டனையாக நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் பாதையை மாற்றி வைப்பதால் கூம்புக் காட்டுக்குள் வழி தவறுவதும் சகஜம். அதற்காக இடது சீட்டில் ஒருவர் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து "இப்ப வலது, இப்ப இடது" என்று கத்திக்கொண்டு வரலாம் என்பது இந்தக் கூட்டத்தின் விதி. பாதை எப்படி மாறினாலும் கடைசி வளைவு மட்டும் மாறாது. மனையின் ஓரத்தில், மழைத் தண்ணீர் போக வெட்டிய பள்ளத்தை ஒட்டி அது இருக்கும். பள்ளத்துக்கு முன்னால் மணல் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

ரோஸ்லினின் இடது சீட்டில் உட்காருகிறவன் அவள் புருஷன் மணிவண்ணன். அவன் ஓட்டும்போது இடது சீட்டு அவளுடையது. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் இப்படி மாறி மாறி உட்கார்ந்தே பழக்கம், தொழிலும் அதுதான். வில்லியனூரில் இருவரும் சேர்ந்து டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார்கள். ஆண்களுக்கு மணிவண்ணன், பெண்களுக்கு ரோஸ்லின். போட்டிக்கென்று தனிக் கார் வாங்கும் வசதியெல்லாம் இல்லை. வாரம் முழுக்க எல் போர்டு மாட்டிக்கொண்டு ஊர்ந்துபோகும் அதே பழைய ஆல்டோதான் ஞாயிற்றுக்கிழமை போர்டைக் கழற்றிவிட்டுத் திருபுவனைக்கு வரும்.

"அண்ணனப் பாருங்க," தமிழ்க்குமரன் விடவில்லை. "அவரும் அதே எடத்துலதான் பிரேக் போடறாரு. ஆனா அது பயம் இல்ல. டெக்னிக்கு. இல்லண்ணே?"

மணிவண்ணன் போண்டாவை மென்றுகொண்டே தலையை ஆட்டினான். "அங்க நான் வேணும்னேதான் லேசா கொறைப்பேன். வண்டி மூக்கு அப்பதான் உள்ள திரும்பும்."

ஒரே இடத்தில் ஒரே சிவப்பு விளக்கு. அவனுக்கு எரிந்தால் டெக்னிக், இவளுக்கு எரிந்தால் பயம். ரோஸ்லின் போண்டா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். போண்டாவை வேண்டாம் என்று அவள் சொல்லி மணிவண்ணன் அதுவரை கேட்டதில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு அதே நினைப்பு. கோபம் பாதிதான். மீதி பாதி வேறு. தமிழ்க்குமரன் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் விடாமல் அரித்துக்கொண்டிருந்தது.

அதற்குக் காரணம் போன வருஷம் பாகூர் பக்கம் நடந்த ஒரு சங்கதி. புதிதாகப் படிக்க வந்த ஒரு பெண், ஏரிக்கரைச் சாலையில் எதிரே வந்த மாட்டைப் பார்த்து மிரண்டு, ஸ்டியரிங்கை ஒரே வெட்டாக வெட்டினாள். இடது சீட்டிலிருந்த ரோஸ்லின் பிரேக்கை மிதித்தாள். மிதித்தும் சேற்றில் வழுக்கிய கார் வாய்க்காலுக்குள் இறங்கி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ரோஸ்லினுக்கு முழங்கையில் தையல், அந்தப் பெண்ணுக்கு அது கூட இல்லை. போன் வந்ததும் ஓடிவந்த மணிவண்ணன் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டிக்குக் குளியல் போட்டுட்டியா," என்று சிரித்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மாடு மட்டும் அப்போதும் சாலையை விட்டு நகரவில்லை.

ஆனால் ரோஸ்லினுக்குள் ஒரு கேள்வி தங்கிவிட்டது. அன்று முதல் தன் தைரியத்தில் ஏதாவது குறைந்துவிட்டதா? "பயப்படாதம்மா, நான் கீறேன் இல்ல" என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவள் அவள். தனக்கே பயமென்றால் அந்த வார்த்தையை எந்த முகத்தோடு சொல்வது?

மறுநாள் காலையில் மஞ்சுளாவுக்கு வகுப்பு. அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாற வேண்டும் என்று வந்தவள். ஊசுட்டேரி சாலையில் ஒரு நாய் குறுக்கே வர, கார் நயமாக வேகம் குறைந்து, நாய் போனதும் மறுபடி நகர்ந்தது.

"எப்பிடிக்கா? கரெக்டா பிரேக் போட்டேன் பாத்தீங்களா?" மஞ்சுளாவுக்கு முகமெல்லாம் பல்.

"நீ எங்கடி போட்ட? உன் காலு கிளச்சுல கீது. இந்தக் காலு போட்டது," என்று ரோஸ்லின் தன் வலது காலைத் தட்டிக் காட்டினாள். டிரைவிங் ஸ்கூல் கார் என்றால் இடது சீட்டுக்குக் கீழேயும் ஒரு கிளச், ஒரு பிரேக் உண்டு. ஒரு இரும்புத் தண்டு இரண்டு பக்கத்துப் பெடலையும் சேர்த்திருக்கும். இங்கே மிதித்தால் அங்கே இறங்கும். வருஷக்கணக்காக அங்கே உட்கார்ந்து ரோஸ்லினின் கால் தானாகவே வேலை செய்யப் பழகியிருந்தது. வாய் கதை பேசிக்கொண்டிருக்கும், கால் நாயைப் பார்த்துக்கொள்ளும்.

"எனக்குத் தெரியவே இல்லியேக்கா," என்றாள் மஞ்சுளா ஏமாற்றமாக.

"தெரியாது. நீ உன் பெடல்ல கால் வெச்சிருந்தாத்தான அது எறங்கறது தெரியும்?" என்றாள் ரோஸ்லின். சொன்ன வேகத்தில் அதை மறந்தும் போனாள். கையில் விளக்கை வைத்துக்கொண்டு வீடெல்லாம் விளக்கைத் தேடுகிறவர்கள் உண்டு, இவளும் அன்று அந்த ரகம்தான்.

சாயங்காலம் அருள்தாஸ் வந்தான். திருபுவனைத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. ஆட்டோகிராஸ் கூட்டத்தில் கார் ஓட்டாமல் கணக்கு மட்டும் பார்க்கிற ஆசாமி. மணிவண்ணனுக்குப் பள்ளிக்கூட சிநேகிதன். ரோஸ்லின் தன் போனை அவனிடம் நீட்டினாள். ஓட்டத்தின் வேகத்தைக் கோடாகப் பதிவு செய்யும் செயலி ஒன்றை அவள் போட்டு வைத்திருந்தாள்.

"இதுல ஒண்ணும் வெளங்கலண்ணே. கோடு படிக்கட்டு மாதிரி கீது."

"போன்ல இருக்கற ஜிபிஎஸ் செகண்டுக்கு ஒரு வாட்டிதான் எடத்தச் சொல்லும்மா. அதுக்குள்ள நீ வளைவுக்குள்ள பூந்து வெளிய வந்துடற. நெடுஞ்சாலைக்கு அது போதும், கூம்புக்கு நடுவுல போதாது." அருள்தாஸ் பையிலிருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்தான். "இது தனி ஜிபிஎஸ். செகண்டுக்கு நெறைய வாட்டி சொல்லும். கூரை மேல காந்தத்தால ஒட்டிக்கும். கொஞ்ச நாளு வெச்சுக்க."

அடுத்த பயிற்சி ஓட்டத்தில் கோடு வழவழப்பாக வந்தது. வந்து என்ன? கடைசி வளைவில் அந்தக் கோடு தெளிவாக ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியிருந்தது. தமிழ்க்குமரன் காரிலும் அதே பெட்டியை ஒட்டி எடுத்த கோட்டை மேலே போட்டுப் பார்த்தார்கள். அவனுடையது அந்த இடத்தில் குனியவே இல்லை. மற்ற இடங்களிலெல்லாம் ரோஸ்லின் அவனை ஒட்டியே வந்திருந்தாள். ஒரே ஒரு பள்ளம், அதில்தான் எல்லாம் போயிருந்தது.

"பாத்தியா," என்றான் மணிவண்ணன் மெதுவாக. "பரவால்ல வுடு ரோசு. ஒவ்வொருத்தருக்கு ஒண்ணு."

"நான் பிரேக் போடலங்க."

"கோடு பொய் சொல்லுமாடி?"

"வேகம் கொறைஞ்சுதுன்னுதான் கோடு சொல்லுது. என் காலு கொறைச்சுதுன்னு சொல்லல."

அருள்தாஸ் நிமிர்ந்து பார்த்தான். அது சரியான பேச்சு என்று அவனுக்குப் பட்டது. புதிய காராக இருந்தால் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு சொருகியைச் செருகி, ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டது என்று இன்ஜினிடமே கேட்டுவிடலாம், இந்தக் காரில் அதற்கு இடமில்லை என்றான். "அப்ப மிச்சம் கேமராதான்."

கேமரா என்றதும் மணிவண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. எத்தனையோ நாளாக அவன் ஆசைப்பட்டது அது. கண்ணாடிக்கு முன்னால் மாட்டினால் கூம்பெல்லாம் பறந்து வருவதுபோலத் தெரியும், ஆட்டமில்லாமல் பதிவாகும், ஸ்கூலின் இணையப் பக்கத்தில் போட்டால் நாலு பேர் சேருவார்கள். போனில் வீடியோக்களைத் தேடித் தேடிக் காட்டினான்.

ரோஸ்லின் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள். "முன்னாடி இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும். நான்தான ஓட்டறேன்? எனக்குத் தெரியாதது கீழ கீது. காலப் பாக்கணும்."

"காலையா? கால வீடியோ எடுத்து யாருக்கு காட்டப் போற?"

"எனக்கு."

சனிக்கிழமை பாண்டியில் ஒரு கேமராக் கடைக்கு மூவருமாகப் போனார்கள். கடைக்காரப் பையன் விலை உயர்ந்ததை மேலே எடுத்து வைத்து, எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று கேட்டான். பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் என்று ரோஸ்லின் சொன்னதும் மணிவண்ணனைத் திரும்பிப் பார்த்தான். மணிவண்ணன் கூரையைப் பார்த்தான்.

அருள்தாஸ் மட்டும் விஷயத்தில் கண்ணாக இருந்தான். காலடி இருட்டு, அதனால் குறைந்த வெளிச்சத்திலும் பதிய வேண்டும். இடம் குறுகல், அதனால் சின்னதாக இருக்க வேண்டும். ஆடினாலும் கழன்று விழாத பிடிப்பு வேண்டும். வேகக் கோட்டோடு நேரம் ஒத்துப்போக வேண்டும். படம் கண்ணைப் பறிக்க வேண்டிய அவசியமில்லை. இத்தனைக்கும் பொருந்திய சின்னக் கேமரா ஒன்றில் இரண்டு வகை லென்ஸ் இருந்தது. பெடல் மட்டும் தெரியும் குறுகிய லென்ஸ் போதும் என்றாள் ரோஸ்லின்.

"அகலமானது வாங்கு," என்றான் மணிவண்ணன் பிடிவாதமாக. "உன் வேல முடிஞ்சதும் நான் எடுத்து கண்ணாடில மாட்டிக்குவேன். அப்ப ரெண்டு பக்கமும் தெரியணும் இல்ல?"

அவனுடைய ஆசையிலும் கொஞ்சமாவது நிறைவேறட்டும் என்று ரோஸ்லின் ஒத்துக்கொண்டாள். அகல லென்ஸ் வந்தது.

மாட்டியதும் அவன்தான். கையில் வேலை உள்ளவன், அதை மறுக்க முடியாது. வலது கதவோரம் கீழே கேமராவைப் பொருத்தி, பெடலுக்கு மேலே வெளிச்சத்துக்கு எல்இடி பட்டை ஒட்டினான். பட்டையில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. மிச்சம் வைப்பானேன் என்று இடது பக்கக் காலடியிலும் ஒட்டிவிட்டான். இரண்டு பக்கமும் கல்யாண வீடுபோல ஜொலித்தது. "எப்டி?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைத் தானே சுற்றி வந்து பார்த்துக்கொண்டான்.

அன்று ராத்திரிச் சோற்றைப் பரிமாறும்போது ரோஸ்லின் சொன்னாள்: "என் காலு பிரேக்குக்குப் போயிருந்தா, நாளையோட நான் வுட்டுடறேன். வகுப்பு மட்டும் எடுக்கறேன்."

மணிவண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினான். "இன்னாத்துக்கு அப்டி எல்லாம் பேசற?"

"உண்மையத்தான் பேசறேன்."

அவள் ஓட்டாமல் இருந்தால் அவனுக்கு நிம்மதிதானே என்று கேட்கலாம். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். போட்டி நாளில் அவள் காலையில் எழுந்து பாடிக்கொண்டே காரைத் துடைப்பதைக் கேட்டுப் பழகியவன் அவன்.

ஞாயிறு காலை. தூசி அடங்க டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்திருந்தார்கள். ரோஸ்லின் பாதையை நடந்தே மூன்று சுற்று சுற்றி மனப்பாடம் செய்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். இடது பக்கம் மணிவண்ணன். கொடி அசைந்தது.

நல்ல ஓட்டம். "வலது! இடது! நேரா! நேரா!" என்று அவன் தொண்டை கிழியக் கத்தினான். கடைசி வளைவில் ரோஸ்லின் பற்களைக் கடித்துக்கொண்டு வலது காலை ஆக்சிலரேட்டரில் ஆணி அடித்ததுபோல் வைத்திருந்தாள். மணல் மூட்டைகள் பக்கவாட்டில் ஓடின. வெளியே வந்தபோது கண்ணாடி வழியாகத் தமிழ்க்குமரனைப் பார்த்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். விளக்கு எரிந்திருக்கிறது.

ரோஸ்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. வேப்பமரத்தடியில் அருள்தாஸ் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். வேகக் கோட்டையும் வீடியோவையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டினான். மணிவண்ணன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான்.

கடைசி வளைவு வந்தது. திரையில் ரோஸ்லினின் வலது கால் ஆக்சிலரேட்டரில் அப்படியே இருந்தது. அசையவில்லை. அதற்குப் பக்கத்தில் ஆளே தொடாத பிரேக் பெடல் தானாகக் கீழே இறங்கியது.

"ஐயோ, பேயா?" என்றாள் ரோஸ்லின்.

"பேய் ஷூ போடுமா?" என்று அருள்தாஸ் திரையின் மூலையைத் தொட்டான்.

அகல லென்ஸின் ஓரத்தில், எல்இடி வெளிச்சத்தில் பளிச்சென்று, இடது பக்கக் காலடி தெரிந்தது. அங்கே மணிவண்ணனின் பழுப்பு ஷூ அந்தப் பக்கத்து பிரேக்கின் மேல். மெதுவாக, பதமாக, நாய்க்கு வழிவிடுவதுபோல மிதித்தது. வளைவு முடிந்ததும் எடுத்துக்கொண்டது.

ரோஸ்லின் மூன்று முறை திரும்பத் திரும்பப் பார்த்தாள். தன் கால் ஓரிடத்திலும் நகரவில்லை. நான் பயப்படவில்லை, நான் பயப்படவே இல்லை என்று உள்ளே ஒரு சத்தம் எழும்பி எழும்பி அடித்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் இருமல்தான் வெளியே வந்தது.

"ஏங்க! இங்க வாங்க!" அந்தக் குரலைக் கேட்டு வந்தது மணிவண்ணன் மட்டுமல்ல. பாதி கூட்டமே வந்துவிட்டது.

அவன் பார்த்தான். முதலில் "அது நான் இல்ல" என்றான். தன் ஷூவைக் குனிந்து பார்த்தான். "நான் மிதிக்கலடி. சத்தியமா எனக்குத் தெரியாது."

"மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

"மாதா மேல. எனக்குத் தெரியவே தெரியாது ரோசு."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. தானாகவே மிதிக்கும் இதேபோன்ற காலை வைத்துக்கொண்டு இருக்கிறவளுக்குப் புரியாமல் இருக்குமா? ஆனாலும் விடுவாளா? "இத்தினி நாளா என்ன பயந்தாங்கொள்ளின்னு ஊரு சொல்லுச்சு. நீங்க போண்டா தின்னுகினு கேட்டுகினு இருந்தீங்க," என்று அவள் பிடித்த பிடியில் அவன் மரத்தோடு ஒட்டிக்கொண்டான். தமிழ்க்குமரன் அங்கிருந்து நழுவப் பார்த்தான். "நீ எங்கடா போற? சரிக்காவா? வந்து சரிக்கா சொல்லு இப்ப!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அடுத்த சுற்று அவள் தனியாக ஏறினாள். வழி சொல்ல ஆளில்லை. பாதி வழியில் ஒரு கூம்பைப் பிசகித் தட்டிவிட்டாள். அது காருக்கு அடியில் சிக்கிக் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. தண்டனை நேரத்தைக் கூட்டியதில் பட்டியலில் அவள் மேலே ஏறவில்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. கடைசி வளைவில் கார் முதல்முறையாகத் தயங்காமல் போனது. பின்பக்கம் லேசாக விலகி, அவள் திருப்பியதும் கேட்டுக்கொண்டு வந்து நின்றது. அருள்தாஸ் காட்டிய கோடு அங்கே மேசைபோலச் சமமாக இருந்தது. அன்றைக்கு அவள் மூன்று போண்டா தின்றாள்.

கடைசியாக மணிவண்ணனின் ஓட்டம். "நீ வரியா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். "வழி சொல்ல ஆளு வேணும்." பெரிய மனசு பண்ணி ரோஸ்லின் இடது சீட்டில் ஏறினாள். ஓட்டம் முழுக்க வழியும் சொன்னாள், குத்தியும் காட்டினாள். கடைசி வளைவில் கார் வழக்கம்போல வேகம் குறைந்தது. "டெக்னிக்காங்க?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து குளித்து, துணியைக் காயப்போட்டுவிட்டு, வாசல்படியில் காற்றாட உட்கார்ந்து தன் தனி ஓட்டத்தை இன்னொரு முறை பார்க்கலாம் என்று ரோஸ்லின் போனை எடுத்தாள். பார்த்தாள், ரசித்தாள். அடுத்த வீடியோ தானாக ஓடத் தொடங்கியது. மணிவண்ணனின் ஓட்டம். அவன் எப்படித்தான் டெக்னிக் போடுகிறான் என்று பார்ப்போமே என்று விட்டுவிட்டாள்.

கடைசி வளைவு. மணிவண்ணனின் பழுப்பு ஷூ ஆக்சிலரேட்டரில் இருந்தது. அசையவில்லை. பிரேக் பெடல் தானாகக் கீழே இறங்கியது.

ரோஸ்லினுக்குக் காது மடல் சூடானது. திரையின் ஓரத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் பார்த்தாள். தனது நீல ஷூ, பதமாக, மெதுவாக.

அழித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. விரல்கூட அந்தப் பக்கம் போனது. பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "ஏங்க. இங்க கொஞ்சம் வாங்க."

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவனிடம் போனைக் கொடுத்தாள். அவன் நின்றபடியே பார்த்தான். சிரிப்பான், ஊரையே கூப்பிடுவான், வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுவான் என்று எதிர்பார்த்து அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவன் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்ப டெக்னிக்குன்னு சொன்னீங்க?"

"வண்டி தானா கொறைஞ்சுது. ஏன்னு தெரியல. கேட்டாங்க, சொல்லிட்டேன்." சற்று நேரம் துண்டைக் கையில் சுருட்டினான். "பாகூர்ல அன்னிக்கி நான் வரும்போது வண்டி தண்ணில சாஞ்சு கெடந்துது. உள்ள குனிஞ்சு பாத்தேன். யாரும் இல்ல. நீ கரைமேல டீ குடிச்சிகினு இருந்த. உன்ன அங்க பாக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் இருந்துது பாரு ரோசு. அது போகல."

"சிரிச்சீங்களே."

"வேற இன்னா பண்றது?"

ரோஸ்லின் அவன் கையிலிருந்த துண்டை வாங்கி, அவன் சரியாகத் துவட்டாத பின்தலையைத் துவட்டினாள். "எனக்கும் பயந்தான். ஓட்டறதுக்கு இல்ல. நீங்க அந்தப் பள்ளத்துப் பக்கம் போவும்போது," என்றாள். இவ்வளவு நாளும் தனக்குள் தேடிய பயம் கிடைத்துவிட்டது, அது தான் நினைத்த இடத்தில் இல்லை என்பது மனசுக்கு நிறைவாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புறப்படும் முன் மணிவண்ணன் காரின் காலடிப் பக்கம் தலையை விட்டு, இரண்டு பக்கத்துப் பெடலையும் சேர்க்கும் தண்டின் போல்ட்டுகளைக் கழற்றி வைத்தான். திங்கட்கிழமை மஞ்சுளா வருவதற்குள் மறுபடி மாட்டினால் போதும். கேமராவைக் கண்ணாடிக்கு மாற்றலாமே என்று ரோஸ்லினே சொன்னாள். இருக்கட்டும் என்றான் அவன்.

அன்று இருவருமே அந்த வளைவில் தயங்காமல் போனார்கள். விளக்கு எரியவில்லை. கோடு இரண்டு ஓட்டத்திலும் சமமாக வந்தது. தமிழ்க்குமரன் முதல்முறையாகத் தன் நேரத்தை இரண்டு தரம் சரிபார்த்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். அவள் ஓட்டியபோது பழுப்பு ஷூவும், அவன் ஓட்டியபோது நீல ஷூவும், அதே இடத்தில், எதோடும் சேராத அந்தப் பெடலை அடிவரைக்கும் மிதித்துக்கொண்டிருந்தன.